இறங்கி நடந்த தூரம்

என் மகள் வயிற்றுப் பேத்தி நெதர்லாந்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். வாரத்திற்கு ஒருமுறை கைப்பேசி வழியாகப் படங்கள் அனுப்புவாள். அவற்றுள் பெரும்பாலானவை மிதிவண்டிப் பயணங்களில் எடுத்தவை. மேடு பள்ளமில்லாத நீண்ட பாதை, அதை ஒட்டி அமைதியாக ஓடும் வாய்க்கால், அக்கரையில் மேயும் பசுக்கள், தொலைவில் காற்றாலைகள். கிண்டர்டைக் என்னும் ஊரில் 19 காற்றாலைகள் அணிவகுத்து நிற்கின்றனவாம். அவற்றுள் பல 1740ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டவை. கடல்மட்டத்திற்கும் தாழ்ந்த நிலத்தில் தேங்கும் நீரை இறைத்து வெளியேற்றுவதற்காக அவற்றைக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த நாட்டில் மனிதர்களைக் காட்டிலும் மிதிவண்டிகளின் எண்ணிக்கை அதிகம் என்று அவள் எழுதியிருந்தாள். 2024 வரை தலைமையமைச்சராக இருந்த மார்க் ருட்டே மிதிவண்டியிலேயே அலுவலகம் சென்று வந்தவர் என்பதையும் வியப்போடு குறிப்பிட்டிருந்தாள். கடைசி வரியில், "தாத்தா, இப்படி ஓர் இடத்தில் நீங்கள் ஒரு நாளாவது சைக்கிள் ஓட்ட வேண்டும்" என்றிருந்தது.

அந்த வரி என்னைச் சற்று நேரம் சும்மா உட்கார வைத்துவிட்டது. பிறகு இப்படிப் பதில் எழுதினேன்: "கண்ணே, எனக்கும் அப்படி ஒரு பாதை இருக்கிறது. இங்கேயும் நிலம் தட்டையானது. இங்கேயும் கடல்நீரைத் தடுக்கக் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்துத்தான் மண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, உன் டச்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த கோட்டை ஒன்றும் உண்டு."

"அப்படியானால் அதைப்பற்றி எழுதுங்கள்" என்று உடனே மறுமொழி வந்தது. எழுதுவதற்காகவே மறுநாள் விடியற்காலையில் மிதிவண்டியை எடுத்தேன். எழுபதைக் கடந்த எனக்கு, என் மகன் வாங்கித் தந்த பல்சக்கர வண்டி அது. தலைக்கவசம் அணியாமல் ஏறக்கூடாது என்பது அவன் கட்டளை.

கோல சிலாங்கூர் நகரத்திலிருந்து புறப்படுபவர் எவரும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டியது மெலாவத்திக் குன்றுக்குத்தான். சுற்றிலும் சமநிலமாகக் கிடக்கும் கடற்கரையில் இந்தக் குன்று எழுந்து நிற்பதால், அதன்மேல் இருப்பவர் ஆற்றின் வாயையும் மலாக்கா நீரிணையையும் ஒருசேரக் காவல் காக்கலாம். அதனால்தான் சிலாங்கூரின் தொடக்ககாலச் சுல்தான்கள் இங்கே கோட்டை அமைத்தார்கள். முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலமும் இக்குன்றின்மேல்தான் இருக்கிறது.

1784ஆம் ஆண்டில், மலாக்காவைத் தாக்கிய படைகளுக்குச் சுல்தான் இப்ராகிம் துணைநின்றார் என்பதற்காக, டச்சுக் கப்பற்படை இங்கு வந்து கோட்டையைக் கைப்பற்றியது. சுல்தான் பகாங்கிற்குப் பின்வாங்கினார். தங்கள் தலைமை ஆளுநரான ஆல்டிங் என்பவரின் பெயரால் டச்சுக்காரர்கள் இக்கோட்டைக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே, அதாவது 1785இல், சுல்தான் இப்ராகிம் பகாங்கின் உதவியோடு திரும்பி வந்து கோட்டையை மீட்டுக்கொண்டார். டச்சுக்காரர்கள் இங்கு இருந்த காலம் ஓராண்டு அளவுதான். ஆயினும் 1907இல் குன்றின்மேல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றுவரை ஆல்டிங்ஸ்பர்க் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. ஓராண்டு இருந்தவன் பெயருக்கு ஒரு கலங்கரை விளக்கம்! இந்த எண்ணத்தை நான் அன்று குன்றிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அது என் பின்னாலேயே வந்தது.

குன்றின் ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது, பழம்பெரும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் வண்டியை நிறுத்தினேன். வெள்ளிக்குரங்குகள் கிளைகளிலிருந்து இறங்கி வந்தன. சாம்பல் நிறத் தாயின் மார்பில் பொன்னிறக் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் குரங்கினத்தின் குட்டிகள் பிறந்த சில மாதங்களுக்கு அந்த நிறத்தில்தான் இருக்கும். பின்னர் மெல்ல மெல்லத் தாயின் நிறத்திற்கு மாறிவிடும். கீழே சதுப்புக் காடும், அதற்கப்பால் சேற்று நிறக் கடலும் தெரிந்தன. அந்தக் காட்டில் 1987இல் அமைக்கப்பட்ட இயற்கைப் பூங்காவில் பறவைகளைக் காண வருவோர் பலர். பீரங்கிகளோ கடலை நோக்கியபடி வாய்மூடிக் கிடந்தன.

குன்றிலிருந்து இறங்கி, ஆற்றின் போக்கை எதிர்த்துக் கிழக்கு நோக்கி மிதித்தேன். வடக்கே போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் என்று வாய்க்கால் ஓரமாக நெல்வயல்கள் விரியும். வார இறுதிகளில் கோலாலம்பூரிலிருந்து வண்ண வண்ணச் சட்டைகள் அணிந்த மிதிவண்டிக் குழுவினர் அந்தப் பக்கம்தான் போவார்கள். எனக்கு வேண்டியதோ கிழக்கே இருக்கிறது.

கம்போங் குவாந்தான் வரும்வரை சாலையில் பேச்சுத் துணைக்குப் பறவைகள் மட்டுமே. இந்த இடம் மின்மினிகளால் உலகப் புகழ் பெற்றது. ஆற்றங்கரையில் வளரும் பெரெம்பாங் மரங்களில், இருட்டிய பிறகு ஆயிரக்கணக்கான மின்மினிகள் கூடி, ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைகின்றன. விடியற்காலையில் போகும் எனக்கு வெறும் மரங்களே காட்சி தந்தன. ஆனால் மின்மினியின் வாழ்வு மரத்தில் மட்டும் இல்லை. அதன் புழுப்பருவம் கரையோரச் சேற்றிலும் புல்லிலும் கழிகிறது. அங்குள்ள சிறு நத்தைகளே அதற்கு உணவு. கரையை வெட்டித் துப்புரவாக்கிச் செம்பனை நட்டுவிட்டால், மரம் நின்றாலும் விளக்கு எரியாது. எதை அழித்தோம் என்று தெரியாமலே ஒன்றை அணைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இனிச் செம்பனைக் காடு. சாலையின் இரு மருங்கிலும் வரிசை வரிசையாகச் செம்பனைகள். அடிமரத்தில் வெட்டிய மட்டைகளின் கட்டைகளும், அவற்றில் தொற்றி வளரும் பெரணிகளும். கீழே எப்போதும் பாதி இருட்டு. இந்த மரத்தின் கதையிலும் டச்சுக்காரர் உண்டு. ஆப்பிரிக்காவில் தோன்றிய இம்மரத்தின் நான்கு கன்றுகளை 1848இல் சாவகத்தின் போகோர் தாவரத் தோட்டத்தில் அவர்கள் நட்டார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவுக்குப் பரவின. சுமத்திராவிலிருந்து அந்த விதைகளை இப்பகுதிக்குக் கொண்டுவந்தவர் ஆன்றி ஃபோக்கோன்யே என்னும் பிரெஞ்சுக்காரர். 1917இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டத்தை அவர் தொடங்கினார். தோட்டம் மட்டுமன்றி எழுத்தும் அவர் கைக்கு வந்தது. மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் புகழ்மிக்க கொன்கூர் பரிசு கிடைத்தது.

அந்த முதல் செம்பனைத் தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் தோட்டம்! பத்தாங் பெர்ஜுந்தை என்று நாங்கள் அழைத்து, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊருக்கு அருகே அது இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் தொடங்கிய தோட்டம், ஆப்பிரிக்க மரம், டச்சுக்காரர் வழியாக வந்த விதை. பெயர் மட்டும் தமிழ். பலகையில் அந்தப் பெயரை உரோமன் எழுத்தில் எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஒரு மகிழ்ச்சி ஏற்படும். மண்ணைப் புரட்டிய கைகளின் நினைவாக ஒரு சொல்லாவது தப்பிப் பிழைத்ததே என்னும் மகிழ்ச்சி.

நான் பிறந்து வளர்ந்த தோட்டம் புக்கிட் ரோத்தானுக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடைப்பட்ட தோட்டங்களுள் ஒன்று. அதன் பெயர் இங்கு வேண்டா. என் இளமையில் அது முழுக்க முழுக்கப் பால்மரத் தோட்டம். விடியுமுன் பெரட்டு, பிறகு தலையில் விளக்கோடு நிரைக்குப் போவார்கள். மங்கில் பால் சொட்டும் ஓசை கேட்கும் அளவுக்கு அமைதியான காடு அது. பகலில் காண்டாக் கம்பில் இரு வாளிகளும் தொங்கப் பால் கொட்டாய்க்கு வரிசையாக வருவார்கள். அந்தப் பால் எங்கே போகிறது என்று சிறுவனான நான் ஒருமுறை தந்தையைக் கேட்டேன். "டயருக்குப் போவுது" என்றார். அவர் அறிந்திருந்தது அவ்வளவே. ஆனால் அது பிழையில்லாத விடை.

பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1888இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்றுசக்கர மிதிவண்டி அதிராமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தைச் செய்தார். மிதிவண்டி மோகம் உலகெங்கும் பரவியது. இரப்பருக்கு விலை ஏறியது. அதன்பின் மோட்டார் வண்டி வந்தது. விலை இன்னும் ஏறியது. பிரேசிலில் இருந்து இலண்டனுக்கும், அங்கிருந்து 1877இல் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்த இருபத்திரண்டு கன்றுகளின் சந்ததி மலாயாக் காடுகளை விழுங்கியது. அந்தக் காடுகளுக்கு ஆள் வேண்டும் என்றுதான் கங்காணிகள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குப் போனார்கள். என் தாத்தா கப்பல் ஏறியதற்கும் ஒரு குழந்தையின் மிதிவண்டிக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது. அந்தத் தாத்தாவின் பிள்ளைகளுக்குத்தான் மிதிவண்டியில் ஏறி உட்கார்ந்து போகும் உரிமை இல்லாமல் இருந்தது.

இனி என் தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவரிடம் ஒரு பழைய ராலி மிதிவண்டி இருந்தது. 1950களின் நடுவில், கூட்டுப் பிடித்து எடுத்த பணத்தில் இரண்டாங்கையாக வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கவிழ்த்துப்போட்டு, தேங்காய் எண்ணெயும் பழந்துணியும் கொண்டு ஆரக்கால் ஆரக்காலாகத் துடைப்பார். குறுக்குக் கம்பியில் துண்டை மடித்துப்போட்டு என்னை உட்கார வைத்துப் பட்டணத்துக்கு அழைத்துப் போவார். லயத்திலிருந்து வெளிச்சாலைக்குப் போகும் செம்மண் பாதையில் ஒரு மேடு உண்டு. மேட்டின்மேல் துரை பங்களா. பங்களாவின் செம்பருத்தி வேலி தொடங்கும் இடத்திற்குச் சற்று முன்னால் தந்தை வண்டியை விட்டு இறங்கிவிடுவார். என்னையும் இறக்கிவிடுவார். வேலி முடியும்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். பிறகு ஏறிக்கொள்வோம். திரும்பி வரும்போதும் அப்படியே. சிறுவயதில் இது எனக்கு ஒரு விளையாட்டு. அந்தத் தூரத்தை எண்ணிப் பார்த்திருக்கிறேன்: தந்தையின் நடையில் அறுபத்து நான்கு அடிகள்.

1966இல் நான் மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வெள்ளைத்துரை ஊருக்குப் போய், நம் நாட்டவர் ஒருவர் மேலாளராக வந்துவிட்டார். அவர் முன்னால் எவரும் மிதிவண்டியை விட்டு இறங்குவதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை. என் தந்தை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தார். ஒருநாள் என் வகுப்புத் தோழர்கள் இருவர் எங்களோடு வந்தார்கள். அவர்கள் ஏறியபடியே மேட்டைக் கடந்துபோய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். என் உடம்பெல்லாம் கூசியது. அன்று மாலை, வேலியின் நடுவில் தந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கையில், பதினைந்து வயதுக்குரிய ஆணவத்தோடு கேட்டேன்:

"யாரும் எறங்கச் சொல்லலியே. நீங்க மட்டும் ஏன் இன்னும் அடிமையாவே இருக்கீங்க?"

அவர் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கைப்பிடியில் ஒட்டியிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். பிறகு மிச்சத் தூரத்தையும் நடந்தே முடித்தார். லயம் வரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் அவர் என்னை அந்தப் பாதையில் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதே இல்லை. "நீ முன்னாடி போய்யா, நான் வந்துர்றேன்" என்பார். நான் போவேன். திரும்பிப் பார்க்கமாட்டேன்.

நான் ஆசிரியரானேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றினேன். பாடநூலில் இல்லாததையும் தேடிப் படிக்கும் பழக்கம் இருந்ததால், ஒருநாள் 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள், கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் துணையோடும் ஆர். எச். நாதன் என்பவரின் வழிகாட்டுதலோடும் போராடினார்கள். கோரிக்கைகளின் பட்டியலைப் படித்தேன். சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் முறைகேடாக நடப்பதற்கு முற்றுப்புள்ளி, கள்ளுக்கடைகளை மூடுதல், உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்கு வந்துபோகும் உரிமை. இவற்றோடு ஒரு கோரிக்கை இருந்தது: வெள்ளைக்காரரின் முன்னாலும் ஆசிய அலுவலரின் முன்னாலும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை.

அந்த வரியை நான் பலமுறை படித்தேன். கூலி கேட்பது வயிற்றுக்கு. மருந்து கேட்பது உயிருக்கு. இது எதற்கு? ஒரு மனிதன் தன் காசில் வாங்கிய வண்டியில், தான் போகும் வழியில், நேராக உட்கார்ந்து போக வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அதைக் கேட்டதற்கு என்ன கிடைத்தது? மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். அதை எதிர்த்து வேலைநிறுத்தம் மேலும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது; படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அவர்கள் வந்ததே மிதிவண்டியில்தான். தோட்டச் சாலைகளில் அணியணியாக மிதித்துக்கொண்டு தெற்கே போனார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் விழுந்தது. தம் முன்னால் இறங்கு என்று சொன்னவர்கள் தாங்களே இந்த நாட்டை விட்டு இறங்கிப் போனார்கள். ஆனால் தொழிலாளி நிமிர்ந்துவிடவில்லை. இப்போது ஜப்பானியக் காவலன் முன்னால் இறங்கித் தலைவணங்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் படித்தபோதும் எனக்குத் தந்தையின்மேல் இருந்த வருத்தம் தீரவில்லை. சொல்லப்போனால் மிகுந்தது. இத்தனை பேர் இவ்வளவு விலை கொடுத்துப் பெற்றுத் தந்த உரிமையை இவர் ஏன் வேண்டாம் என்கிறார்? அவரிடம் கேட்கத் துணிவில்லை. 1989இல் அவர் காலமானார்.

கருமாதி முடிந்த மறுநாள். துருப்பிடித்துக் கிடந்த ராலியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று வெளியே எடுத்தேன். அதுவரை பேசாதிருந்த அம்மா எழுந்து வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"ஒங்கப்பா தொரைக்குப் பயந்துக்கிட்டு எறங்குனாருன்னா இத்தன நாளும் நெனச்சுக்கிட்டிருக்கே?" என்றார். "அந்த எடத்துலதான்டா ஒங்க பெரியப்பாவ சைக்கிளோட தள்ளி ஒதச்சாங்க."

எனக்கு ஒரு பெரியப்பா இருந்தார் என்பது தெரியும். சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை என்பதும் தெரியும். வேறொன்றும் தெரியாது. அம்மாவும் அதே தோட்டத்தில் பிறந்தவர். என் தந்தைக்கு அத்தை மகள். நடந்ததை அவர் சிறுமியாகப் பார்த்திருக்கிறார்.

பெரியப்பாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இளைஞர் மூவர் சேர்ந்து ஒரு மிதிவண்டி வாங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வாரம் என்று முறை. தம் முறை வந்த வாரத்தில் அவர் அந்த மேட்டில் ஏறிப்போனார். எதிரே வெள்ளைத்துரை வந்தார். பெரியப்பா இறங்கவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே இருந்தாரா என்பது அம்மாவுக்குத் தெரியாது. அவரை வண்டியோடு தள்ளி, விழுந்தவரை உதைத்து, முன்சக்கரத்தையும் வளைத்துப் போட்டார்கள். பதினேழு வயதான என் தந்தை பத்தடி பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தார். அண்ணனைத் தூக்கிவிட அவர் முன்னால் போகவில்லை. பால்மரத்துக்குள் ஓடிவிட்டார்.

சில வாரங்களில் வேலைநிறுத்தம் வந்தது. பெரியப்பா அதில் முன்னால் நின்றார். அதன்பின் ஜப்பானியர் காலம். 1943இல் சயாம் இரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, எங்கள் தோட்டத்திலிருந்து போன முதல் கூட்டத்திலேயே அவரையும் ஏற்றிவிட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மடிந்த பல்லாயிரம் தமிழர்களுள் அவரும் ஒருவரானார். புதைத்த இடம் தெரியாது. இறந்த நாள் தெரியாது. திதி கொடுப்பதற்கும் வழியில்லை.

"சைக்கிள் வாங்குன அன்னிக்கு நான் கேட்டேன்டா," என்றார் அம்மா. "இப்பத்தான் யாரும் எறங்கறதில்லியே, நீங்க ஏன் எறங்குறீங்கன்னு. 'அண்ணன் விழுந்த எடத்துல நான் எப்படி ஏறி ஒக்காந்துக்கிட்டுப் போறது?'ன்னாரு. அப்புறம் நான் கேக்கல."

ராலியை நான் மீண்டும் சுவரோரம் சாத்தினேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செம்பருத்தி வேலியின் நடுவில், மகன் "அடிமை" என்று சொன்னபோது அவர் ஏன் வாய் திறக்கவில்லை? சொன்னால், ஓடிப்போன கதையையும் சொல்ல வேண்டும் என்பதாலா? மகனிடம் சொல்ல முடியாத ஒன்றை அந்த அறுபத்து நான்கு அடிகளில் நாள்தோறும் தம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாரா? பழைய அச்சமும் கொஞ்சம் அவர் காலில் ஒட்டியிருந்திருக்கலாம். அதையும் நான் மறுக்கவில்லை. அச்சமும் அன்பும் ஒரே நடையில் கலந்திருக்கக்கூடும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் ஆயிற்று.

இந்த நினைவுகளோடு நான் அந்த மேட்டை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. பால்மரங்கள் போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் எங்கள் மக்கள் வேலையிழந்து, பட்டணத்து மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். லயங்கள் இடிக்கப்பட்டன. எஞ்சியிருப்பது மாரியம்மன் கோயில் மட்டும். திருவிழாவின்போது பழைய குடும்பங்கள் கார்களில் வந்து கூடுகின்றன. மறுநாள் மீண்டும் அங்கே பூசாரியும் காக்கையும்தான். பங்களா இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. வேலியும் இல்லை. ஆனால் பாதையின் வளைவு அப்படியே இருக்கிறது. அதனால் இடத்தை நான் தவறவிடமாட்டேன்.

இறங்கினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். தந்தைக்கு அறுபத்து நான்கு அடிகளான தூரம், என் முதுமை நடைக்கு எண்பத்தொன்றாக இருந்தது.

பாதி தூரம் கடந்திருப்பேன். எதிரே ஒரு பழைய மிதிவண்டியில் இளைஞன் ஒருவன் வந்தான். பின்னால் நீண்ட செம்பனை அரிவாள் கட்டியிருந்தது. வங்காளதேசத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளி என்பது பேச்சில் பிறகு தெரிந்தது. தலைக்கவசமும் பளபளக்கும் வண்டியுமாக நான் நிற்பதைக் கண்டதும், அவன் சட்டென்று பிரேக்கைப் பிடித்து இறங்கினான். வண்டியைப் புல்லோரம் ஒதுக்கித் தலையைச் சற்றுத் தாழ்த்தி நின்றான்.

வயதுக்குக் காட்டிய மரியாதையாக இருக்கலாம். என் வண்டி பழுதாகிவிட்டது என்று எண்ணி உதவ நின்றிருக்கலாம். அல்லது, யாரோ மேலதிகாரி என்று நினைத்திருக்கலாம். அவன் கண்களில் எது இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தப் பார்வையை என் சிறுவயதில் லயத்து வாசல்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

"இறங்க வேண்டாம், தம்பி. ஏறிப் போ" என்று மலாயில் சொன்னேன்.

அவனுக்குப் புரியவில்லை. "அப்படியானால் நீங்கள் ஏன் இறங்கியிருக்கிறீர்கள், பாக்சிக்?" என்று உடைந்த மலாயில் கேட்டான்.

அது நியாயமான கேள்வி. என் தந்தையிடம் நான் இப்படிக் கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பாரோ என்னவோ. "என் பெரியப்பா இந்த இடத்தில் விழுந்தார்" என்று மட்டும் சொன்னேன். விபத்தில் விழுந்தார் என்று எண்ணிக்கொண்டான் போலும், வருத்தத்தோடு தலையசைத்தான். பிறகு, நான் இரண்டாம் முறையும் வற்புறுத்திய பின்பே ஏறி உட்கார்ந்து மிதித்தான். வளைவில் மறையுமுன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக் கையசைத்தான்.

வீடு திரும்பியதும் இவை அனைத்தையும் பேத்திக்கு எழுதி அனுப்பினேன். தானாக விரும்பி இறங்குவதற்கும், பிறர் இறங்கச் சொல்லி இறங்குவதற்கும் இடையே உள்ள தொலைவைக் கடப்பதற்குத்தான் நம்மவர்கள் 1941இல் உயிரைக் கொடுத்தார்கள் என்று எழுதினேன். அந்தத் தொலைவை இன்னும் கடக்காதவர்கள் இதே மண்ணில், இதே மரத்தடியில், வேறு நாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறார்கள் என்றும் எழுதினேன். ஓராண்டு இருந்துவிட்டுப் போன ஆல்டிங்கின் ஆட்களுக்கு ஒரு கலங்கரை விளக்கம் பெயர் சுமக்கிறது; பெரியப்பாவுக்கு அந்த மேட்டில் ஒரு கல்லும் இல்லை என்பதையும் மறக்காமல் குறிப்பிட்டேன்.

இரண்டு நாள் அவளிடமிருந்து பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது. வாய்க்கால், காற்றாலை, புல்வெளி எல்லாம் வழக்கம்போல் இருந்தன. ஆனால் வண்டி சாய்ந்து நிற்க, அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: "தாத்தா, டிசம்பர் விடுமுறைக்கு வருகிறேன். அந்த இடத்தை எனக்குக் காட்டுங்கள். அங்கே ஒரு பலகையும் இல்லையென்றால், நீங்கள் காட்டாமல் எனக்கு எப்படித் தெரியும்?"

வீட்டின் பின்புறம் சாத்தியிருந்த ராலியை நேற்று வெளியே எடுத்தேன். சங்கிலியைப் புதிதாக மாற்ற வேண்டும். இரு சக்கரங்களுக்கும் டயர் வேண்டும். கோல சிலாங்கூர்க் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஐயா, இதை ஓட்டவா போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஓட்டவும் வேண்டும், ஓர் இடத்தில் தள்ளிக்கொண்டு நடக்கவும் வேண்டும்" என்றேன்.